பல்லுள்ள சொல்

செஃபீல்டில், ரயில் பாலத்துக்குக் கீழே,
முன்பு செருப்புக்கடையாக இருந்த இடத்தில்
ஹெஸ்டர் ஓல்ட்ராய்ட் கால் செய்கிறாள்.
கார்பன் இழை, அலுமினியம், ரப்பர்,
அப்புறம் நிறையப் பொறுமை.
கதவில் அவள் பெயருக்குக் கீழே எஞ்சினியர் என்றிருக்கும்.
முதலெழுத்து உதிர்ந்து மூன்று வருடமாகிறது.

அக்டோபரில் வந்தார் பார்ட்லி க்ரௌதர்.
மலைச்சரிவில் நூற்றுப்பத்து ஆடு.
வைக்கோல் கட்டும் இயந்திரம் தின்றதுபோக
இடது முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை.
ஏழாவது தடவையாகக் குதிகால் சரியில்லை என்றார்.
"ஏற்றத்தில் பரவாயில்லை.
இறக்கத்தில் கடன் கொடுத்தவன் மாதிரி
பின்னாலிருந்து தள்ளுகிறது."

சொல்லிவிட்டு மேசைமேல் ஒரு சாக்குப்பையை வைத்தார்.
"உனக்கு ஜின் கொண்டுவந்திருக்கிறேன்."
அவள் இரண்டு தம்ளர் எடுக்கப் போனாள்.

பையிலிருந்து இறங்கியது துரு.
இரண்டு தாடை. பதினெட்டுப் பல். நடுவே மிதிதட்டு.
வாலாக மடங்கிய எஃகுப் பட்டை.
முயலுக்கு வைத்தது. நரிக்கும் வைத்தது.
ஒருமுறை சொந்த நாய்க்கும், தெரியாமல்.
சட்டம் தடுத்த வருடம் அவர் அப்பா
கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.
"இதற்கும் ஜின் என்றுதான் பேர்."

அன்றிரவு ஹெஸ்டர் அகராதியைத் திறந்தாள்.
குடிக்கிற ஜின் வேறு சாதி, ஜூனிப்பர் காய் வழி வந்தது.
இந்த ஜின்னுக்குப் பூர்வீகம் லத்தீன்.
இங்கேனியும்: கூடவே பிறந்தது,
யாரும் சொல்லித்தராமல் ஒருவருக்குள் இருக்கும் கூர்மை.
பிரான்ஸைக் கடக்கையில் சொல் சுருங்கிற்று,
சுருங்கியதில் குணமும் மாறிற்று.
சாமர்த்தியம். தந்திரம். ஏய்ப்பு.
பிறகு, கோட்டைமேல் கல்லெறியும் பெரிய மரக்கை.
அந்தக் கையைச் செய்தவன்தான் ஆதி எஞ்சினியர்.
பாலம் கட்ட அல்ல,
மதில் உடைக்கக் கூலி வாங்கியவன்.
ஆங்கில வாயில் சொல்லின் தலை தேய்ந்தது.
தலை போனது, பல் தங்கியது.

பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்த ஜின்னும் இதுவே.
கொட்டை பிரியும் வேகத்துக்குப் பறிக்க ஆள் போதவில்லை.
ஆளை விலைக்கு வாங்கினார்கள்.
ஹெஸ்டர் பக்கத்தைப் புரட்டவில்லை,
தேநீர் ஆறும்வரை அங்கேயே இருந்தாள்.

இதைத் தமிழில் எழுதும் நான்
ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது.
எலிக்கு வைப்பது பொறி.
கல்லூரியில் படிப்பது பொறியியல்.
நாங்கள் ஓரெழுத்தையும் உதிர்க்கவில்லை,
பட்டப்பகலில் ஒரே சொல்லாக வைத்திருக்கிறோம்,
ஆனாலும் என் காதில் விழுந்ததில்லை.
காதும் ஒரு பொறிதான்.
கல்லும் கல்லும் உரசினால் பறப்பதும்.

காலையில் அவள் எஃகுப் பட்டையைத் தாளில் வைத்து
வளைவை வரைந்தாள்.
அத்தனை துருவிலும் விறைப்பு குறையவில்லை.
தன் குதிகால் வரைபடத்தை அதன்மேல் இட்டாள்.
இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போயின,
நகம் நுழைய இடமில்லாமல்.
அவளுக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

மிதித்தால், பொறி
தான் சேர்த்ததையெல்லாம் ஒரே நொடியில் கொட்டிவிடும்.
காலுக்கு அது ஆகாது.
கால் கஞ்சனாக இருக்கவேண்டும்,
எண்ணி எண்ணிக் கொடுக்கவேண்டும்.
இத்தனை நாள் அவள் செய்தது வள்ளல் குதிகால்.
இரண்டு அடுக்கு இழையை உரித்தாள்.
ரப்பரை ஆப்பு வடிவில் சீவி இடையில் செருகினாள்.

நவம்பரில் க்ரௌதர் அதை மாட்டிக்கொண்டு
மழைக்குள் நடந்தார்.
கடைவாசலிலிருந்து ஆறுவரை ஒரே இறக்கம்.
அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்,
தள்ளுகிறதா, தள்ளுகிறதா என்று.
போனார். நின்றார். வாத்துகளைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"கிறீச் கிறீச்சென்கிறது" என்றார்.
பிறகு மேசையைத் துழாவிய கண்ணோடு:
"என் ஜின் எங்கே?
ஆணி சும்மா இருக்கிறது."